ஓட்டைக் கரியும் கல்யாண் மழையும்

இந்தப் பக்கம் எழுதி ரொம்ப நாளாச்சு. ஆபீஸில் ஆடிட், வீட்டுச் சுவரில் ஓதம், நடுவில் எனக்கு ஒரு வாரம் ஜுரம். எழுதலாம் என்று உட்கார்ந்தால் கரண்ட் போய்விடும். கல்யாண் கிழக்கில் ஜூலை மாதம் இப்படித்தான். இன்றைக்கு எழுத வைத்தது அக்கா பொண்ணு. அவளிடம் போனில் பாதி சொன்னேன். மீதியைக் கேட்காமல் வைத்துவிட்டாள். அந்த மீதிதான் இது. :-)

அவள் கோயம்புத்தூர் பக்கம் ஒரு காலேஜில் பிஎச்.டி. மூன்றாவது வருஷம். தேங்காய்ச் சிரட்டையைக் (சென்னைக்காரர்களுக்குக் கொட்டாங்குச்சி) காற்றுப் படாமல் கருக்கி, அந்தக் கரியில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளை உண்டாக்கி, ரேடார் அலையை விழுங்குகிற, கூடவே சூட்டையும் தடுக்கிற ஒரு பொருளாக ஆக்குவது அவளுடைய ஆராய்ச்சி. நானும் ஏறக்குறைய அதே பிழைப்பில் இருப்பவன். அம்பர்நாத் எம்.ஐ.டி.சி.யில் ஒரு சின்ன கம்பெனி, எலக்ட்ரானிக் பெட்டிகளுக்குள் ஒட்டுகிற அலை உறிஞ்சி ஷீட் தயாரிக்கிறோம். எனக்கு டெஸ்டிங் பிரிவு. அதாவது மற்றவர்கள் செய்ததில் நொட்டை சொல்வதற்கு மாதச் சம்பளம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன். "மாமா, மைனஸ் 58 டெசிபல் வந்திருக்கு!"

குரலில் அப்படி ஒரு சந்தோஷம். நல்ல மாமாவாக இருந்தால் அங்கேயே "சபாஷ்" என்று நிறுத்தியிருக்க வேண்டும். நான் கேட்டேன்: "எந்த ஃப்ரீக்வென்சியில? எவ்வளவு தடிமன்?"

"11.2 கிகாஹெர்ட்ஸ். 2.4 மில்லிமீட்டர்."

"2.4 மில்லிமீட்டர்ல ஷீட் போட்டியா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "இல்ல மாமா, அது கால்குலேட் பண்றது."

இந்த இடத்தில் சமாச்சாரம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

கரி மின்சாரத்தைக் கடத்தும். நன்றாகக் கடத்துகிற எதுவும் ரேடார் அலைக்குக் கண்ணாடி மாதிரி. அலை வாசலிலேயே திரும்பிவிடும், உள்ளே வராது. உள்ளே வராத அலையை எப்படி விழுங்குவது? அதற்குத்தான் ஓட்டை. கரிக்குள் காற்றைக் கலந்தால் மொத்தத்தில் அது காற்றுக்குக் கொஞ்சம் நெருங்கிய பொருளாகிவிடுகிறது, அலை ஏமாந்து உள்ளே நுழைகிறது. நுழைந்த பிறகு கரியின் சுவர்களில் சின்னச் சின்ன மின்னோட்டங்களை ஓடவைத்துத் தன் சக்தியை இழந்து சூடாகிக் கரைகிறது. ஓட்டை அதிகமானால் அலை நுழையும், ஆனால் விழுங்க ஆள் இல்லாமல் மறுபக்கம் போய்விடும். ஓட்டை குறைந்தால் வாசலிலேயே திரும்பும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு இடத்தைப் பிடிப்பதுதான் இந்த டிசைன்.

கருக்குகிற வெப்பநிலையும் முக்கியம். 500 டிகிரியில் எடுத்த சிரட்டைக் கரி மந்தமாக இருக்கும், மின்சாரம் அவ்வளவாகப் போகாது. 600க்கு மேல் கடத்தும் திறன் மளமளவென்று ஏறும். 900 தாண்டினால் பழையபடி கண்ணாடிக் கதை. நடுவில் சில பத்து டிகிரி முன்பின் ஆனாலும் கரியின் குணம் மாறிவிடும். பழைய ஃபர்னேஸில் எழுதியிருக்கிற டிகிரி ஒன்று, உள்ளே இருக்கிற டிகிரி ஒன்று. அது தனிக் கதை.

சூட்டைத் தடுக்கவும் இதே ஓட்டைதான் உதவுகிறது. அசையாமல் நிற்கிற காற்றைப் போல சூட்டைக் கடத்தாத மலிவான பொருள் உலகத்தில் குறைவு. ஓட்டையின் அளவு 70 நானோமீட்டருக்குக் கீழே போனால் இன்னும் விசேஷம். காற்றின் மூலக்கூறு ஒன்றையொன்று மோதுவதற்குள் சுவரில் மோதிவிடும், அதனால் சூட்டை அடுத்தவருக்குக் கைமாற்ற முடியாது. ஏரோஜெல் என்கிற பொருள் வெறும் காற்றைவிடவும் குறைவாகச் சூட்டைக் கடத்துவதற்கு இதுவே காரணம். கரிக்கு இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. ஓட்டைக்குள் புகுந்து தாவுகிற அகச்சிவப்புக் கதிரை அது பிடித்து வைத்துக்கொள்ளும். சிலிக்கா ஏரோஜெல்லில் கூட இதற்காகவே கரித்தூள் கலப்பார்கள்.

ஒரே பொருளில் இரண்டு வேலை. அழகான யோசனை, மறுக்கவே மாட்டேன். 2016ல் சீன ஆய்வாளர்கள் சாதாரண ரொட்டியைச் சுட்டு, அதையே கருக்கி, கார்பன் நுரை செய்து மின்காந்த அலையையும் சூட்டையும் தடுத்துக் காட்டினார்கள். படித்தபோது எனக்கு இட்லிதான் ஞாபகம் வந்தது. நம் வீட்டு மாவு புளித்து உண்டாக்குகிற ஓட்டையை எந்தக் கெமிஸ்ட்ரி வாத்தியாரும் குறை சொல்ல முடியாது.

எனக்குப் பிரச்னை யோசனையில் இல்லை. அந்த மைனஸ் 58ல் இருக்கிறது.

மைனஸ் 10 டெசிபல் என்றால் வந்த அலையில் நூற்றில் பத்து பங்குதான் திரும்புகிறது. மைனஸ் 20 என்றால் ஒரு பங்கு. மைனஸ் 58 என்றால் பத்து லட்சத்தில் ஒன்றரை பங்கு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த எண் எப்படி வருகிறது? கரித்தூளைப் பாரஃபின் மெழுகில் கலந்து, வெளி விட்டம் 7 மில்லிமீட்டர், உள் விட்டம் 3.04 மில்லிமீட்டர் இருக்கிற ஒரு குட்டி வளையம் செய்கிறார்கள். உளுந்து வடையை எறும்புக்குச் சுட்ட மாதிரி. அதை ஒரு கோஆக்சியல் குழாய்க்குள் வைத்து, நெட்வொர்க் அனலைசரில் 2 முதல் 18 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் அந்தக் கலவையின் மின் குணங்களை அளக்கிறார்கள். அளந்தது அவ்வளவுதான். அதற்குப் பிறகு கம்ப்யூட்டரில் தடிமனை 1 மில்லிமீட்டரிலிருந்து 5 வரைக்கும் நகர்த்திக்கொண்டே போய், எங்கே பள்ளம் ரொம்ப ஆழமாக விழுகிறதோ அங்கே நிறுத்தி, "இதுதான் எங்கள் பொருள்" என்று எழுதுகிறார்கள்.

இதை மோசடி என்று சொல்லவில்லை. கணக்கு சரியான கணக்கே. ஆனால் அந்தப் பள்ளம் பொருளுடைய பெருமையைக் காட்டிலும் தடிமனுடைய தற்செயல். முன் முகத்தில் திரும்புகிற அலையும், பின்னால் உலோகத்தில் பட்டுத் திரும்புகிற அலையும் ஒன்றையொன்று கச்சிதமாக அடித்துக்கொள்கிற ஒரு புள்ளி அது. தடிமன் 2.4 என்பது 2.6 ஆனால் பள்ளம் 11.2லிருந்து 10.3 பக்கம் நகர்ந்துவிடும், ஆழமும் போய்விடும். எங்கள் ஷாப்பில் ஷீட் போடுகிற அண்ணனிடம் 0.2 மில்லிமீட்டர் மாறக்கூடாது என்று சொன்னால் சிரிப்பார். ரப்பர் அது, இழுத்தால் மாறும்.

சரி, மைனஸ் 58 நிஜமாகவே கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். என்ன லாபம்? ரேடார் எவ்வளவு தூரத்தில் கண்டுபிடிக்கும் என்பது திரும்பும் அலையின் நான்காம் வர்க்கமூலத்தோடு போகிறது. 100 கிலோமீட்டரில் தெரிகிற கப்பல், மைனஸ் 10ல் 56 கிலோமீட்டரில் தெரியும், மைனஸ் 20ல் 32 கிலோமீட்டர். மைனஸ் 58க்குக் கணக்குப்படி மூன்றரை கிலோமீட்டர் வர வேண்டும். வராது. ஏனென்றால் அதற்குள் ஒரு போல்ட்டு, ஒரு கைப்பிடிக் கம்பி, ஷீட்டின் ஓரம் எல்லாம் சேர்ந்து அதைவிட ஆயிரம் மடங்கு திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும். தவிர எதிரி 11.2 கிகாஹெர்ட்ஸில்தான் ரேடார் போடுவேன் என்று எழுதிக் கொடுக்கவில்லை.

ஒரு பழைய கதை சொல்கிறேன். 1950கள் வாக்கில் அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக்கூடத்தில் எதிரொலி இல்லாத அறை கட்ட ஒரு சரக்கு செய்தார்கள். சுருட்டிய விலங்கு முடி, அதைக் கார்பன் கலந்த ரப்பரில் முக்கி எடுத்தது. 2 அங்குலத் தடிமன், 2.4 முதல் 10 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் மைனஸ் 20 டெசிபல். அதைப் பாய் பாயாகச் செய்து சுவரில் அடித்தார்கள். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் படம் இல்லை, எழுநூறு சதுர மீட்டர் பரப்பு என்கிற பீற்றல் இல்லை. முடியும் கரியும் நடுவில் காற்றும். இன்றைக்குச் சோதனைக்கூடங்களில் நீல நிறத்தில் கூம்பு கூம்பாக நிற்கிற கார்பன் ஏற்றிய நுரைகள் எல்லாம் அதனுடைய பேரப்பிள்ளைகள். நம்ம சென்னை தரமணியில் இருக்கிற சமீர் நிறுவனத்தின் மையம் மாதிரி இடங்களில் இந்த அறைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் காது அடைத்த மாதிரி இருக்கும். 2010 வாக்கில் மலேசியாவின் பெர்லிஸ் பல்கலைக்கழகத்தில் நெல் உமியை வைத்து அதே கூம்பைச் செய்து பார்த்தார்கள். அந்த வேலை எனக்குப் பிடிக்கும். கூம்பாகச் செய்தார்கள், நிற்க வைத்தார்கள், அளந்தார்கள்.

இன்னும் ஒன்று. அக்கா பொண்ணு அனுப்பிய கட்டுரையில், மற்ற நூறு கட்டுரைகளில் இருக்கிற அதே வாக்கியம்: ஓட்டைகளுக்குள் அலை பலமுறை எதிரொளித்து, அலைந்து திரிந்து, சக்தி இழக்கிறதாம். பக்கத்திலேயே ஒரு படம், ஓட்டைக்குள் அம்புக்குறி பந்து மாதிரி குதிக்கிறது. 10 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 30 மில்லிமீட்டர். ஓட்டையின் அளவு சில மைக்ரான். யானை எறும்புப் புற்றுக்குள் நுழைந்து சுவருக்குச் சுவர் முட்டிக்கொள்கிறது என்று சொல்வது போல. அலைக்கு அந்த ஓட்டை தனியாகத் தெரியவே தெரியாது. கரியும் காற்றும் கலந்த ஒரே கலவையாகத்தான் தெரியும். பரப்பளவுக் கணக்கும் அப்படித்தான். ஒரு கிராம் ஆக்டிவேட்டட் கார்பனில் ஆயிரம் சதுர மீட்டர் பரப்பு இருக்கும் என்பது நிஜம், கல்யாணில் 450 சதுர அடி ஃப்ளாட் கணக்கில் 24 வீடு வரும். (ஒரு கிராமை வாங்கிக் குடியேற முடிந்தால் நான்தான் முதல் ஆள்.) தண்ணீர் சுத்தம் செய்ய, விஷவாயு பிடிக்க அந்தப் பரப்பு வேண்டும். முதல் உலகப்போரிலேயே சிரட்டைக் கரியை முகமூடியில் போட்டார்கள். ஆனால் ரேடார் அலைக்கு அந்தப் பரப்பால் நேராக ஒரு லாபமும் இல்லை. எவ்வளவு காற்று, கரி எப்படித் தொடர்பில் இருக்கிறது, அவ்வளவுதான் கேள்வி.

சூட்டுக்கு வந்தால் இன்னும் வேடிக்கை. ஹாட் பிளேட் மேலே கரித்துண்டு, அதன் மேலே ஒரு பூ, பூ வாடவில்லை என்று போட்டோ. பக்கத்தில் அகச்சிவப்பு கேமரா படம், மேலே நீலம், கீழே சிவப்பு. ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள எந்த நுரையும், வீட்டுப் பஞ்சுத் தலையணை உட்பட, பத்து நிமிஷத்துக்கு ஒரு பூவைக் காப்பாற்றும். எவ்வளவு தடிமன், எவ்வளவு நேரம், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு எவ்வளவு சூடு நிலையாகப் போகிறது என்ற எண்ணைக் கேட்டால் அது துணைப் பக்கங்களில் எங்கேயோ ஒளிந்திருக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

இதையெல்லாம் சொன்னதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. நியாயம்தான்.

"மாமா, நீங்க சொல்ற மாதிரி மைனஸ் 20னு எழுதினா யார் போடுவா? போன வருஷம் ஒருத்தங்க மைனஸ் 55 போட்டுட்டாங்க. நான் அதுக்கு மேல காட்டணும். கைடு அதைத்தான் கேக்கறார். பேப்பர் ரெண்டு வரலேன்னா தீசிஸ் கொடுக்க முடியாது. உங்களுக்கென்ன, சம்பளம் வருது."

கடைசி வரி கொஞ்சம் குத்தியது. ஆனால் அவள் சொல்வதில் தப்பு இல்லை. ஓட்டப்பந்தயத்தில் கோடு எங்கே போட்டிருக்கிறதோ அங்கேதான் ஓட முடியும். கோடு போடுகிற இடத்தில் இருப்பவர்கள் தங்களுடைய சரக்கை ஒரு மழைக்காலம் வெளியே வைத்துப் பார்த்ததில்லை என்பதுதான் என் புகார்.

மழைக்காலம் என்றதும் என் சொந்தக் கதை. சில வருஷங்களுக்கு முன்னால் நாங்கள் கார்பன் ஏற்றிய திறந்த ஓட்டை நுரை ஷீட் ஒன்று செய்தோம். மே மாதம் அளந்தேன், பிரமாதமாக வந்தது, என் கையெழுத்துப் போட்ட சான்றிதழோடு கொங்கண் கரையோரம் ஒரு வாடிக்கையாளருக்குப் போனது. செப்டம்பரில் முழு லாட்டும் திரும்பி வந்தது. "உறிஞ்சவே இல்லை" என்று ஒரே வரிக் கடிதம். எடுத்து அளந்தால் பள்ளம் கீழே எங்கேயோ போய்க் கிடக்கிறது. இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் எங்கள் ஸ்டோர்ஸ் பையன்தான் சொன்னான், "சார், ஷீட் வெயிட்டா இருக்கு." தராசில் வைத்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடை கூடியிருக்கிறது. ஓவனில் 105 டிகிரியில் ராத்திரி முழுக்க வைத்தேன். காலையில் மே மாதத்து எண் அப்படியே திரும்பி வந்தது!

தண்ணீர். காற்றுக்கு மின் குணத்தில் எண் 1 என்றால் தண்ணீருக்கு சுமார் 80. ரேடார் அலைவரிசையில் கொஞ்சம் குறைந்து அறுபது சொச்சம். ஓட்டையில் காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் உட்கார்ந்தால், நாம் பார்த்துப் பார்த்துச் செய்த டிசைன் முழுக்கக் கவிழ்ந்துவிடும். சூட்டைக் கடத்துவதிலும் அசையாத காற்றைவிடத் தண்ணீர் 23 மடங்கு. ஆக, இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் கெட்டுப்போகும். ஆக்டிவேட்டட் கார்பனுக்கு இன்னொரு கெட்ட பழக்கம்: காற்றில் ஈரப்பதம் பாதிக்குக் கீழே இருக்கும்வரை தண்ணீரைச் சீண்டாது, 50, 60 சதவீதம் தாண்டியதும் திடீரென்று குடிக்க ஆரம்பிக்கும். மும்பையில் ஜூலையில் ஈரப்பதம் எண்பதுக்குக் கீழே இறங்குகிற நாளை விரல்விட்டு எண்ணலாம். ஏசி போட்ட லேபில் மெழுகுக்குள் புதைத்த வளையத்துக்கு இது எதுவும் தெரியாது. மெழுகு ஓட்டையை அடைத்து ரெயின்கோட் மாதிரி காப்பாற்றிவிடுகிறது.

இது சும்மா வாய்ச் சண்டை இல்லை. கல்யாணிலிருந்து கர்ஜத் பக்கம் லோக்கலில் ஏறினால் விட்டல்வாடி, உல்லாஸ்நகர், அடுத்தது அம்பர்நாத். டி.ஆர்.டி.ஓ.வின் கடற்படைப் பொருள் ஆராய்ச்சிக்கூடம் அங்கேதான் இருக்கிறது. 1953ல் மும்பை கப்பல் தளத்தில் ஒரு சின்ன கெமிக்கல், உலோகச் சோதனைக்கூடமாக ஆரம்பித்தது. ரேடாருக்குத் தென்படாமல் இருக்க உதவும் பொருட்களும் அவர்கள் வேலையில் ஒன்று. அந்தப் பக்கம் மசகான் தளத்தில் கட்டிய நீல்கிரி போர்க்கப்பல், 2025 ஜனவரி 15 அன்று மும்பையில் சூரத், வாக்ஷீர் இரண்டோடும் சேர்ந்து கடற்படையில் சேர்ந்தது. இம்மாதிரிக் கப்பல்கள் ரேடாரில் சிறிதாகத் தெரிவதற்குப் பெரும் காரணம் உடலின் சாய்வான வடிவம். ஆனால் புகைபோக்கி இருக்கிறதே, அங்கே வடிவம் மட்டும் போதாது. அது சூடு, அகச்சிவப்பில் பளிச்சென்று தெரியும்; உலோகம், ரேடாரிலும் தெரியும். அலையை விழுங்கிச் சூட்டையும் தடுக்கிற ஒரே பொருளுக்கு நிஜமான வேலை இருக்கிறது என்றால் இங்கேதான். அந்த இடத்தில் உப்புக்காற்று, மழை, அதிர்வு மூன்றும் வருஷம் முழுக்க. இன்னொரு தலைவலி, சாதாரணக் கரி காற்றில் 400, 500 டிகிரி தாண்டினால் மெதுவாக எரிந்தே போய்விடும். அதற்கு மேல் பூச்சு வேண்டும். பூச்சு போட்டால் அலை நுழைவது மாறும். இதுதான் டிசைன். மைனஸ் 58க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பத்திரிகைகளும் சும்மா இருப்பதில்லை. 2024 நவம்பரில் ஐ.ஐ.டி. கான்பூர் 'அனாலக்ஷ்யா' என்ற துணி போன்ற அலை உறிஞ்சிப் பரப்பை வெளியிட்டபோது "மாயப் போர்வை" என்று தலைப்பு போட்டுக் கொண்டாடினார்கள். அது ஓட்டைக் கரி இல்லை, வேறு வழி. ஆனாலும் அதை ஒரு போர்வை அளவுக்குச் செய்திருக்கிறார்கள் பாருங்கள், அதற்கே என் மரியாதை. 7 மில்லிமீட்டர் வடை இல்லை.

அக்கா பொண்ணு கட்டுரையின் முதல் பாராவில், இந்தப் பொருள் "கட்டிடங்களில் வெப்பத்தைக் குறைக்கவும் பயன்படலாம்" என்று ஒரு வரி. எல்லாக் கட்டுரையிலும் இருக்கிற வரிதான். படித்தபோது தாராவியில் சித்தி இருந்த வீடு ஞாபகம் வந்தது. தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே போகிற சந்து, மேல்மாடியில் பத்துக்குப் பத்து, மேலே தகரம். மும்பை வந்த புதிதில் எட்டு மாதம் அங்கேதான் இருந்தேன். ஏப்ரல், மே மத்தியானத்தில் அந்தத் தகரத்துக்குக் கீழே உட்கார முடியாது. சித்தி சாக்கை நனைத்துக் கூரை மேல் போடச் சொல்வாள், பத்து நிமிஷத்தில் காய்ந்துவிடும். அந்தக் கூரைக்கு சிரட்டைக் கார்பன் ஏரோஜெல் போடப் போகிறோமா? ஒரு கிராமுக்கு நைட்ரஜன் சிலிண்டர், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அதைக் கழுவ ஆசிட், ஃபர்னேஸ் கரண்ட் எல்லாம் சேர்த்தால் சித்தி வீட்டு வாடகையைத் தாண்டும். கறுப்பு வேறு, வெயிலை வாங்கிக்கொள்ளும். அந்தக் கூரைக்கு வேண்டியது வெள்ளைப் பூச்சு. அகமதாபாதில் 2017ல் குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளையடித்தார்களே, அது. ஏழை வீட்டுக் கூரையை முன்னுரையில் இழுத்துவிட்டு முடிவுரையில் போர்க்கப்பலுக்குப் போவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கப்பலுக்கென்றால் கப்பலுக்கென்றே சொல்லலாம், தப்பில்லை. அல்லது மின்சார வண்டியின் பேட்டரிப் பெட்டிக்கு, கார் பம்பருக்குள் இருக்கிற 77 கிகாஹெர்ட்ஸ் ரேடாரைச் சுற்றி வைக்க. அதெல்லாம் நிஜத் தேவைகள்.

சிரட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சின்ன வயதில் எங்கள் தெரு இஸ்திரிக்காரர் பெட்டியில் சிரட்டைக் கரிதான் போடுவார். விறகுக் கரியைவிடச் சாம்பல் குறைவு, சூடு நிற்கும். இன்றைக்கு அதே கரி காங்கயம், வெள்ளக்கோவில் பக்கம் டன் கணக்கில் சுடப்படுகிறது, அதிலிருந்து ஆக்டிவேட்டட் கார்பன் ஆகி வெளிநாடு போகிறது. இலங்கையில் ஹேகார்ப் கம்பெனி 1973லிருந்து இதையே செய்து உலகம் முழுக்க விற்கிறது. அங்கே கரி சுட்டு, தண்ணீர் ஊற்றி அணைத்து, அந்தத் தாரும் கறுப்புத் தண்ணீரும் மண்ணுக்குள் இறங்கி, கிணறு கெட்டுப்போனது என்று காங்கயம் பக்கத்து விவசாயிகள் பல வருஷமாகக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். கிணற்றைக் கொடுத்துக் கரியைக் கிலோ கணக்கில் விற்கிறோம். எங்கள் கம்பெனி மாதிரி இடங்களுக்கு வேண்டிய நல்ல அலை உறிஞ்சி நுரையை வெளியிலிருந்து சதுர அடிக் கணக்கில் வாங்குகிறோம். இதற்கு நடுவில் இருக்கிற வித்தையைத்தான் அக்கா பொண்ணு மாதிரிப் பிள்ளைகள் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் எனக்கு இவ்வளவு ஆதங்கம். யாரோ ஒருத்தி செய்கிறாள் என்றால் மைனஸ் 58க்கு ஒரு லைக் போட்டுவிட்டுப் போயிருப்பேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு அடிக்கு ஒரு அடி ஷீட் ஒன்று நிஜமாகப் போட்டு, உலோகத் தகட்டின் மேல் வைத்து, நேராகவும் 45 டிகிரி சாய்த்தும் அளக்கட்டும். ஐந்து தடவை தனித்தனியாகச் சுட்ட கரியில் ஐந்து ஷீட், ஐந்து எண்ணையும் போடட்டும், நல்லதை மட்டும் வேண்டாம். பிறகு எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் எல்லாவற்றையும் போடுகிற அந்த 85 டிகிரி, 85 சதவீத ஈரப்பதப் பெட்டியில் வைத்து எடுத்து, எடையோடு சேர்த்து மறுபடி அளக்கட்டும். மைனஸ் 12 வந்தாலும் அகலமாக வந்தால், நனைந்த பிறகும் நின்றால், எங்கள் கம்பெனியே வாங்கும். ஓட்டையை மூடிய அறைகளாகச் செய்வதா, வெளியே மெல்லிய தோல் போடுவதா, கரியின் பரப்பில் இருக்கிற ஆக்சிஜனைக் குறைத்துத் தண்ணீரை விரட்டுவதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு தானாகவே முக்கியமான கேள்விகளாகிவிடும். இப்போது அவற்றைக் கேட்டால் "ஸ்கோப்புக்கு வெளியே" என்று பதில் வருகிறது.

போன் வைத்த கோபம் மூன்று நாள் இருந்தது. அக்கா வேறு தனியாகக் கூப்பிட்டு, "பிள்ளைய எதுக்குடா அழ வைக்கிற" என்று திட்டினாள். நான்காம் நாள் அவளே வாட்ஸப்பில் ஒரு வரி: "மாமா, உங்க அட்ரஸ் பின்கோடு என்ன?"

நேற்று பார்சல் வந்தது. மாத்திரை டப்பாவுக்குள் பஞ்சு வைத்து ஆறு துண்டு, ஒவ்வொன்றும் பிஸ்கட் அளவு, மெழுகு கலக்காத வெறும் கரி நுரை. மூன்றில் ஏதோ பூசியிருக்கிறாள், மூன்று சும்மா. பென்சிலில் ஒவ்வொன்றின் எடையும் எழுதி, "பால்கனில தொங்க விடுங்க, நனையக்கூடாது, காத்து மட்டும் படணும், ஞாயிறு ஞாயிறு வெயிட் போடுங்க" என்று ஒரு சீட்டு. பால்கனியில் நாலு நாளாகக் காயாத என் பேண்டுக்குப் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். ஆபீஸிலிருந்து சின்னத் தராசைக் கேட்டு வாங்கி வந்தாகிவிட்டது. பூசாத மூன்றில் ஒன்று ஒரே ராத்திரியில் 4.10 கிராமிலிருந்து 4.63 ஆகிவிட்டது. பூசியது 4.38லிருந்து 4.41.

அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. இரண்டாவது தடவை போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.